பிலிம் கமராவைத் தூக்கிக்கொண்டு ஏன் போறம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வாசகர் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், எங்கட திருகோணமலையில கோணேசர் கோயிலடியிலயும் உப்புவெளிக் கடற்கரையிலயும் கொஞ்சப் பேர் பழைய காலத்துப் பெரிய கமராவையும் மூண்டு கால் ஸ்டாண்டையும் காவிக்கொண்டு வந்து ஒரு படம் எடுக்க அரை மணித்தியாலம் மினக்கெடுறாங்கள், கையில இருக்கிற போனால ஒரு நொடியில எடுக்கிறதை விட்டிட்டு இதெல்லாம் ஆக்களுக்குப் படம் காட்டுற வேலை எண்டு. அந்தக் கொஞ்சப் பேர்ல நானும் ஒருத்தன். கோவத்தில எழுதேல்ல ஐயா. ரோட்டில நிக்கேக்க கனபேர் இதைத்தான் கேக்கிறவை, அங்க நிண்டு ஆறுதலா பதில் சொல்ல ஏலாது, வெளிச்சம் போயிடும், அதால இஞ்ச எழுதுறன்.

போனில எனக்கு ஒரு குறையும் இல்ல. வீட்டு விசேஷம், பிள்ளையளின்ர பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி எல்லாம் நானும் போனாலதான் எடுக்கிறன், நல்லாத்தான் வருது. ஆனா படம் எடுக்கிறதுக்கெண்டே விடியக்காலமை எழும்பி வெளிக்கிட்டுப் போறது வேற ஒரு வேலை. என்னட்ட இருக்கிறது மாமியா ஆர்பி67, 1970இல முதல் வந்த ரகம், ஊரில மூடிப்போன ஒரு ஸ்டூடியோக்காரரிட்ட வாங்கினது. லென்ஸும் பிலிம் பெட்டியும் பூட்டினா ரெண்டரைக் கிலோவுக்கு மேல நிக்கும், பற்றறி கிடையாது, முழுக்க இரும்பும் கண்ணாடியும்தான். அதோட ஸ்டாண்ட், வெளிச்சம் அளக்கிற லைட் மீட்டர், மஞ்சள் பில்டர் சிவப்பு பில்டர், ரோலுகள், தண்ணிப் போத்தல் எல்லாம் சேர்த்துத் தோள்ல போட்டா நிலாவெளி பஸ்ஸில ஒரு சீட் பிடிக்கும். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு போனா ஒரு ரோலுக்கு 10 படம். கூட வாற சிநேகிதர் ஒருத்தரிட்ட இருக்கிற ரெட்டைக் கண் யஷிக்காவில 12. இன்னொருத்தர் 4க்கு 5 அங்குலத் தாள் பிலிம் போடுற பெட்டிக் கமரா வச்சிருக்கிறார், அதில ஒரு ஹோல்டருக்கு முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு, ரெண்டே ரெண்டு.

இந்தப் பாரமும் இந்தக் குறைச்சலும்தான் எங்களுக்கு வேணும், அதைத்தான் அந்த வாசகருக்குச் சொல்ல விரும்புறன். பாரம் தோள்ல இருக்கேக்க கண்டபடி திரிய ஏலாது. ஒரு இடத்தை முடிவெடுக்கணும். முடிவெடுக்க முதல் வெறுங்கையோட நாலு பக்கமும் நடந்து பாக்கணும், இருந்து பாக்கணும், எழும்பிப் பாக்கணும், வெயில் எந்தப் பக்கத்தால வரும், இன்னும் ஒரு மணித்தியாலத்தில நிழல் எங்க விழும் எண்டு யோசிக்கணும். அதுக்குப் பிறகுதான் ஸ்டாண்டை விரிக்கிறது. விரிச்சிட்டா அந்த இடம் எங்களுக்குக் காட்டுறதைக் காட்டுமட்டும் நிக்கிறம். நான் பிறந்து வளர்ந்த ஊர் இது, கோட்டை வாசலால உள்ளுக்குப் போய் மானுகளைத் தாண்டி சுவாமி மலையில ஏறுற பாதையை சின்ன வயசில இருந்து நடக்கிறன், ஆனா அந்தப் பாதையில விடிய எத்தனை மணிக்கு எந்த மரத்தடியில வெளிச்சம் விழும் எண்டு கமராவைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கினாப் பிறகுதான் எனக்குத் தெரியும்.

கரைவலை இழுக்கிறதைச் சொல்லுறன், உங்களுக்கு விளங்கும். உப்புவெளிப் பக்கம் விடிய வெள்ளண போனா தோணி வலையை வளைச்சுப் போட்டிட்டு வந்திருக்கும், ரெண்டு கயிறும் கரைக்கு வந்து ரெண்டு பக்கமும் ஆக்கள் இழுக்கத் தொடங்கியிருப்பினம். இப்ப கன இடத்தில ட்ரக்டர்தான் இழுக்குது, கையால இழுக்கிறவையும் இன்னும் இருக்கினம். வலை வந்து சேர மணித்தியாலக் கணக்காகும். சுற்றுலா வந்த ஆக்கள் கடைசியில மீன் சேருற வலை மடி கரையில ஏறேக்க ஓடி வருவினம், மீன் துள்ளும், எல்லாரும் போனை நீட்டுவினம், பத்து நிமிசத்தில போயிடுவினம். நாங்க முதல்ல இருந்தே நிக்கிறம். நிண்டு பாத்தா ரெண்டு கூட்டத்துக்கும் இடையில இருக்கிற தூரம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையிறது தெரியும், முன்னுக்கு நிக்கிறவர் கயித்தை விட்டிட்டுப் பின்னால போய்ப் பிடிக்கிறதில ஒரு ஒழுங்கு இருக்கிறது தெரியும், வலைச் சொந்தக்காரர் சம்மாட்டி, கரையில நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தவர் திடீரெண்டு கதையை நிப்பாட்டிட்டு முழங்கால் தண்ணிக்கு இறங்குவார், அந்த நேரம் பறவையளும் பதிவாப் பறக்கத் தொடங்கும். என்ர கண்ணுக்கு படம் அதுதான், மீன் குவியல் இல்ல. அதுக்கு ரெண்டு மணித்தியாலம் நிக்காத ஒருத்தருக்கு அது வாறதே தெரியாது.

நிக்கிறதும் லேசில்ல. ஈர மண்ணில ஸ்டாண்ட் வச்சா ஒவ்வொரு அலைக்கும் காலுக்குக் கீழ இருக்கிற மண்ணை கடல் உருவிக்கொண்டு போகும், பாத்துக்கொண்டிருக்கேக்கயே கமரா ஒரு பக்கம் சாயும், அதால மூண்டு காலையும் நல்லா ஆழ அமத்திப்போட்டு ரெண்டு மூண்டு அலை வந்து போகுமட்டும் பொறுத்திட்டுத்தான் போகஸ் பண்ணுறது. உப்புத் தூவானம் லென்ஸில படியும், மெல்லிய துணியால ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. ஒருநாள் கயிறு இழுக்கிற ஒரு ஐயா களைப்பாற வந்து கமராவுக்கு மேலால குனிஞ்சு பாத்தார். ஆர்பியை மேல இருந்து குனிஞ்சுதான் பாக்கிறது, படம் நிமிர்ந்துதான் இருக்கும், ஆனா இடம் வலமாத் தெரியும். "என்ன தம்பி, தோணி மற்றப் பக்கமெல்லே போகுது" எண்டார். உள்ளுக்கு இருக்கிற கண்ணாடியைக் காட்டி விளங்கப்படுத்தினன். பிறகு அவர் எனக்கு ஒண்டு விளங்கப்படுத்தினார், இண்டைக்கு நீரோட்டம் தெற்கால இழுக்குது, வலை நீ நினைக்கிற இடத்தில ஏறாது, அங்கால போய் நில் எண்டு. போய் நிண்டன். அவர் சொன்ன இடத்திலதான் ஏறினது. போனைத் தூக்கிப் பிடிச்சிட்டுப் போற ஒருத்தருக்கு அவர் இதைச் சொல்லியிருக்கமாட்டார், சொல்ல நேரமும் இருந்திருக்காது.

4க்கு 5 கமராக்காரர் கறுப்புத் துணியால தலையை மூடிக்கொண்டு நிக்கிறதையும் அந்தக் கடிதத்தில எழுதியிருந்தார், நாடகம் எண்டு. நாடகம் இல்ல ஐயா. பின்னுக்கு இருக்கிற மங்கல் கண்ணாடியில விழுற படம் அவ்வளவு வெளிச்சமா இருக்காது, வெளி வெளிச்சத்தை மறைச்சாத்தான் தெரியும். ஒருக்கா அந்தத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. கோபுரம் தலைகீழா நிக்கும், கடல் மேலயும் வானம் கீழயுமா இருக்கும், அலை மேல இருந்து அடிக்கும். நாளாந்தம் பாக்கிற கோயில், ஆனா தலைகீழாப் பாக்கேக்க கண் அதைக் கோயிலாப் பாக்காம கோடாயும் நிழலாயும் பாக்கத் தொடங்கும், எங்க பாரம் கூடிப்போச்சு எங்க வெறுமையா இருக்கு எண்டு அப்பதான் பிடிபடும். கச்சான் எண்ட சூட்டுக் காத்து அடிக்கிற மாசத்தில அந்தத் துணிக்குள்ள வேர்த்து ஊத்தும், மூச்சுப் பட்டா கண்ணாடி மங்கும், காத்து கமராவின்ர மடிப்புத் தோலைப் பிடிச்சு ஆட்டும், அதால பையில கல்லைப் போட்டு ஸ்டாண்டுக்கு நடுவில தொங்க விட்டிட்டு காத்து ஒரு மூச்சு ஆறுற இடைவெளியில ஷட்டரைத் தட்டுறது.

பாரம் தூக்கிறது இண்டைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்ல. 1870, 71இல ஜோசப் லோட்டன் எண்டவர் அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா எல்லாம் போய்ப் படம் எடுத்தவர். அப்ப பிலிமே இல்ல. கண்ணாடித் தட்டில மருந்தைப் பூசி அது காய முதல் கமராவில போட்டு எடுத்து, காய முதல் கழுவவும் வேணும். எங்கட வெயிலுக்கு அது எவ்வளவு கெதியாக் காயும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எண்டா இருட்டறையையும் மருந்துப் போத்தலையும் தண்ணியையும் கண்ணாடியையும் சேர்த்துக் காட்டுக்குள்ள கொண்டு போகணும். அதே கண்ணாடித் தட்டு முறையோட ஜூலியா மார்கரெட் கமரன் அம்மா 1875இல இலங்கைக்கு வந்து இருந்தவ, 1879இல இஞ்சதான் செத்தவ, வந்த இடத்திலயும் படம் எடுத்தவ. அதுக்கும் முதல் 1858இல லினியஸ் ட்ரைப் எண்ட ஆள் தஞ்சாவூர் பெரிய கோயில் அடிச்சுவர்ல ஓடுற தமிழ்க் கல்வெட்டைத் துண்டு துண்டா எடுத்து 21 படத்தை ஒண்டோடொண்டு ஒட்டி 19 அடி மட்டில நீட்டுப் படமாக்கினவர். எழுத்து இண்டைக்கும் வாசிக்கலாம்.

இன்னொண்டு, பிலிம் பிடிக்கிற ஆக்கள் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1927 ஏப்ரல் 10ஆம் திகதி அன்செல் அடம்ஸ் அமெரிக்காவில யோசமிட்டியில ஹாஃப் டோம் எண்ட பாறையைப் படம் எடுக்க கமராவையும் கண்ணாடித் தட்டுகளையும் முதுகில காவிக்கொண்டு ஏறினவர். மேல போய்ச் சேரேக்க மிஞ்சினது ரெண்டு தட்டு. ஒண்டை மஞ்சள் பில்டர் போட்டு எடுத்தார். எடுத்தாப் பிறகு வானம் தன்ர மனசில இருக்கிற மாதிரிக் கறுப்பா வராது எண்டு தெரிஞ்சு கடைசித் தட்டைக் கடும் சிவப்பு பில்டர் போட்டு எடுத்தார், அதுதான் பேர் எடுத்த படம். தட்டு நிறைய இருந்திருந்தா அந்த யோசனை வந்திருக்குமோ எண்டு நான் அடிக்கடி நினைக்கிறது. எங்கட ஊர்ல மத்தியான நீல வானத்துக்கு நான் சிவப்பு பில்டர் போடேக்கயெல்லாம் அந்த மனுசனை நினைக்கிறன்.

பக்தியா இது எண்டு அந்த வாசகர் கேட்டிருந்தார். செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போறவை வருசா வருசம் எங்கட ஊருக்கு வந்து, வெருகல் பக்கத்தால இறங்கித்தான் போறவை. பஸ் இருக்குத்தானே எண்டு நாங்க அவையிட்ட கேக்கிறேல்ல, தண்ணியும் சோறும்தான் குடுக்கிறம். அவ்வளவுதான் இதில சொல்லுவன்.

படம் எடுத்தாப் போலயும் வேலை முடியேல்ல. கழுவணும். கறுப்பு வெள்ளை பிலிமை டெவலப்பர்ல கழுவ மருந்து 20 பாகையில இருக்கணும் எண்டுதான் பெட்டியில போட்டிருக்கும், எங்கட பைப்பில வாற தண்ணி அதைவிட எவ்வளவோ சூடு. சூடு கூடினா நேரம் குறையும், நேரம் நல்லாக் குறைஞ்சா பிலிம் ஒரே சீராக் கழுவுப்படாது, திட்டுத் திட்டா வரும். அதால மீனுக்கு ஐஸ் விக்கிற இடத்தில ஐஸ் வாங்கிக்கொண்டு வந்து பேசின்ல போட்டு மருந்துப் போத்தலுகளை அதுக்குள்ள நிப்பாட்டி, வெப்பமானியைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறது. டெவலப்பர் ஊத்தி, நிப்பாட்டுற மருந்து ஊத்தி, படம் அழியாம நிக்க ஹைப்போ ஊத்தி, நல்லாத் தண்ணியில அலசி, கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வோட்டர், இல்லாட்டி காய்ஞ்சாப் பிறகு பொட்டுப் பொட்டா உப்புக் கறை நிக்கும். பிறகு குளியலறைக்குள்ள கிளிப் போட்டுத் தொங்க விட்டிட்டு மின்விசிறியும் போடாமக் கதவைச் சாத்துறது, தூசி ஒட்டாம. வீட்டு ஆக்கள் அந்த நேரம் பொறுமையா இருக்கினம், அவைக்கும் நன்றி சொல்லணும்.

பிலிம் எங்க எடுக்கிறது எண்டும் கனபேர் கேக்கிறவை. பிலிம் செய்யிற கொடக் கொம்பனி 2012இல முறிஞ்ச கொம்பனியாப் பதிஞ்சது உண்மை, ஆனா பிலிம் நிக்கேல்ல, நிப்பாட்டியிருந்த எக்டாக்ரோம் எண்ட கலர் பிலிமைத் திரும்ப 2018இல சந்தைக்கு விட்டவை, இல்ஃபோர்ட் கொம்பனி இண்டைக்கும் எச்பி5 எண்ட கறுப்பு வெள்ளை பிலிம் செய்யுது. விலை கூடத்தான், மறைக்கேல்ல. எங்களுக்கு வாறது அநேகமா லண்டன், கனடாவில இருந்து லீவில வாற சொந்தக்காரர் மூலமாத்தான். கொண்டு வாறவையிட்ட ஒண்டு சொல்லி விடுங்கோ, தயவு செய்து பிலிமை பிளேனில போட விடுற பெட்டிக்குள்ள வைக்க வேண்டாம், எயார்போட்டில பெட்டி சோதிக்கிற மெசினின்ர கதிர் பிலிமைக் கெடுக்கும், கைப்பையில கொண்டு வந்து கையால பாக்கச் சொல்லிக் கேக்கணும். இஞ்ச வந்தாப் பிறகு பிரிட்ஜில வைக்கலாம், ஆனா வெளிய எடுத்த உடன பெட்டியை உடைக்கக் கூடாது, எங்கட ஈரக் காத்துக்கு வேர்த்திடும், ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க விடணும். மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள வெயில்ல விடவும் கூடாது.

இப்ப நான் எழுத வந்த மற்ற விசயம். திருகோணமலையில எத்தினை வீட்டு அலுமாரியில பழைய பிலிம் கமரா கிடக்குது எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா கமராவோட என்னைக் கண்டவுடன ஆக்கள் சொல்லுறவை, எங்கட அப்பாவின்ரயும் ஒண்டு கிடக்கு எண்டு. சவூதி, குவைத்தில வேலை செய்து வாங்கிக்கொண்டு வந்த யஷிக்கா, பென்டக்ஸ், கெனன். சண்டைக் காலத்தில கமராவோட வெளிய போறதெண்டாலே பயம், சென்றியில ஆயிரம் கேள்வி, அதால உள்ளுக்கு வச்சுப் பூட்டினது பூட்டினபடி. பிறகு 2004 கடல் வந்து கரையோரத்தில எத்தினையோ வீட்டு அல்பங்களைக் கொண்டு போட்டுது. மிஞ்சின கமரா அலுமாரிக்குள்ள பக்குவமா இருக்கு எண்டு நினைக்கிறம், அது பக்குவம் இல்ல. மாரி மழைக்கு ஈரம் ஏறி இருட்டும் காத்தோட்டம் இல்லாத இடமும் சேர்ந்தா லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாப் படரும், முத்தினா கண்ணாடியின்ர பூச்சையே திண்டிடும். பாவிக்காத ஷட்டரில எண்ணெய் இறுகி மெதுவாப் போகும். வெளிய கொண்டு போய்ப் பாவிக்கிற கமராவுக்கு இந்த வருத்தம் குறைவு. வெளிச்சமும் காத்தும்தான் அதுக்கு மருந்து. அதால அலுமாரியைத் திறவுங்கோ. காக்கிலோ அரைக்கிலோ எண்டு பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்க வேண்டாம். பின் மூடியைத் திறந்து பல்புக்கு நேர பிடிச்சு, ஷட்டரைத் தட்டி, லென்ஸுக்குள்ளால பாருங்கோ. தெளிவா இருந்தா ஒரு ரோலைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

மீட்டர் வேலை செய்யாட்டியும் பரவாயில்ல. நல்ல வெயில்ல அப்பேச்சர், அதாவது லென்ஸ் திறப்பு, 16, ஷட்டர் வேகம் பிலிம் பெட்டியில போட்டிருக்கிற இலக்கம், 125 பிலிம் எண்டா ஒரு நொடியில நூத்தி இருபத்தஞ்சில ஒரு பங்கு, அவ்வளவுதான். வெள்ளை மணலும் தண்ணியும் பளபளக்கிற நிலாவெளி மாதிரி இடத்தில 22. முகில் மூடினா 8. எங்கட ஊருக்குப் படம் எடுக்கிற ஆக்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு, கிழக்கால திறந்த கடல், மற்றப் பக்கம் உள்துறைமுகம், நடுவில ஒடுங்கின நிலத்தில பட்டினம், காலமை கடலில சூரியன் ஏறுறதை எடுத்திட்டு பின்னேரம் அதே பட்டினத்தில நடந்து போய் துறைமுகத் தண்ணியில இறங்குறதை எடுக்கலாம். இப்பிடி ஒரு ஊர் கன இடத்தில கிடையாது. ஆனா கோட்டைக்குள்ளயும் துறைமுகப் பக்கமும் இன்னும் படையினர் இருக்கிற இடங்கள் இருக்கு, ஸ்டாண்டை விரிச்ச உடன ஆக்கள் வருவினம், முதல்ல போய்க் கேட்டிட்டு விரிக்கிறது நல்லது, பெரிய கமராவைக் காட்டி இன்னது எடுக்கப் போறன் எண்டு சொன்னா அநேகமா விடுகினம். விடாட்டி வேற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போறதுதான்.

ஆசிரியர் ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். உங்கட ஞாயிறு இதழ்ல மாசத்துக்கு ஒருக்கா கால் பக்கம் குடுங்கோ, கிழக்கில பிலிம் கமராவால இப்ப எடுக்கிற படங்களுக்கு, எடுத்தவரின்ர ரெண்டு வரி விளக்கத்தோட. எங்கட கையில இருக்கிற நெகட்டிவ்களை நாங்களே ஸ்கான் பண்ணித் தாறம், காசு வேண்டாம். அந்தக் கடிதம் எழுதின வாசகருக்கும் ஒரு அழைப்பு, சனிக்கிழமை விடிய ஐஞ்சரைக்கு உப்புவெளியில கரைவலை இழுக்கிற இடத்துக்கு வாங்கோ, எங்கட ஸ்டாண்டைத் தூரத்திலயே காணலாம். 4க்கு 5 ஹோல்டர்ல ஒரு பக்கத் தாளை உங்களுக்கெண்டு வச்சிருக்கிறம், நீங்களே துணிக்குள்ள பாத்து நீங்களே எடுக்கலாம், கழுவித் தாறது எங்கட பொறுப்பு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை.